கேமராவில் பதிவான காட்டு மான் நலமாக இருக்கிறதா? படத்தைப் பார்த்துக் கணிப்பதற்கு ஒரு வழிகாட்டி

தானியங்கிக் கேமரா வைத்து மான்களைக் கவனிக்கத் தொடங்குகிற எல்லோருக்கும் சீக்கிரமே அப்படியொரு படம் வந்து சேரும். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிகிற ஒரு மான். உடனே மனம் பதறும். பட்டினியா? நோயா? தீவனம் வைக்கலாமா? யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்விகளோடு நான் தேடி அலைந்தபோது, பதில்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. கால்நடை மருத்துவத்தில் கொஞ்சம், வனவிலங்கு ஆய்வுகளில் கொஞ்சம், காட்டில் பழகியவர்களின் வாய்மொழியில் கொஞ்சம். ஒன்றோடொன்று பொருந்தாத விஷயங்களும் நிறைய. அவற்றையெல்லாம் சலித்து, வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற ஒருவருக்கு உதவும் வரிசையில் இங்கே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. படத்தில் என்ன தெரிகிறது என்று எழுதுவது ஒரு வேலை. அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் நம் பயம்தான் முடிவில் வந்து உட்காரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

1. அனுமதிக் கடிதமும் பதிவேடும்

கேமராவைக் கட்டும் முன் இடத்துக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளர், காடென்றால் அதை நிர்வகிக்கும் துறை. எந்த இடம், எத்தனை கேமரா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, மனிதர்கள் படத்தில் பதிவானால் அதை என்ன செய்வீர்கள் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளில் பதில் வரத் தாமதமாகும் என்பதால் ஒரு பருவம் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. கடிதத்தின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு பதிவேடு. கேமராவின் எண், இடம், தரையிலிருந்து உயரம், பார்க்கும் திசை, வைத்த தேதி, பேட்டரியும் மெமரி கார்டும் மாற்றிய தேதி. இவற்றோடு 'கடிகாரம் சரிபார்த்தேன்' என்று ஒரு கட்டம். இந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். பேட்டரி மாற்றியதும் தேதி பழைய தொடக்க நிலைக்குப் போய்விடுகிற கேமராக்கள் உண்டு. தேதி தவறிய படத்தை வைத்து உடல்நிலையைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. காரணம் ஆறாவது படியில் புரியும்.

செலவைப் பொறுத்தவரை, கேமரா ஒருமுறைச் செலவுதான். பேட்டரிதான் தொடர்ந்து கையைக் கடிக்கும். ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். அது இறங்க இறங்க இரவு விளக்கின் எட்டும் தூரம் குறைந்து, படங்கள் இருண்டுபோகும். லித்தியம் பேட்டரிக்கு விலை கூடுதல், ஆனால் ஏறக்குறைய கடைசிவரை நிலையாக நிற்கும், கடுங்குளிரிலும் உழைக்கும். போய்வருவது சிரமமான இடமென்றால் லித்தியமே மொத்தத்தில் சிக்கனம்.

2. பக்கவாட்டுப் படம் கிடைக்கும்படி கேமராவை வைத்தல்

எத்தனை மான் வருகிறது என்று எண்ணுவதற்கு வைக்கும் கேமராவும் உடல்நிலை பார்க்க வைக்கும் கேமராவும் ஒன்றல்ல. நமக்கு வேண்டியது மானின் முழுப் பக்கவாட்டுத் தோற்றம். முடிந்தால் பின்பக்கத் தோற்றமும்.

புள்ளிமான், அமெரிக்கக் கண்டத்தின் வெண்வால் மான் போன்றவற்றுக்குத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரையிலான உயரம் பொருந்தும். கடமான், குளிர்நாட்டுச் செம்மான் போன்ற பெரிய மான்களுக்குச் சற்று ஏற்றிக் கட்டலாம். மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் முதுகு அகலமாகவும் வயிறு சிறியதாகவும் தெரியும். அந்தக் கோணம் வேண்டாம். மான் கடக்கும் இடம் கேமராவிலிருந்து 4 முதல் 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வைத்தால் பக்கவாட்டுப் படம் கிடைக்கும். ஆனால் மான் வேகமாகப் போனால் வால் மட்டும்தான் மிஞ்சும். அதனால் மான் தானாகவே நின்று நிதானிக்கும் இடமாகப் பாருங்கள். இரண்டு பாதைகள் சேரும் இடம், ஓடையைக் கடக்கும் முன் உள்ள மேடு, புதர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்பு. அசைவை உணர்ந்து கேமரா இயங்கும் ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து படங்கள் தொடர்ந்து எடுக்கும்படி அமையுங்கள். நடையில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க 10, 15 விநாடிக் காணொளி படத்தைவிட உதவும், ஆனால் பேட்டரியை அதிகம் குடிக்கும்.

வெயில் நேராக லென்ஸில் விழாமலிருக்க, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்கள் வடக்கு நோக்கியும் தெற்கே இருப்பவர்கள் தெற்கு நோக்கியும் வையுங்கள்.

3. எந்தப் படங்களை ஒதுக்குவது

இங்கே கறாராக இருங்கள். பாதிக்கு மேல் தள்ளுபடி ஆனாலும் பரவாயில்லை.

கேமராவுக்கு 2 மீட்டருக்குள் வந்த மான் வேண்டாம். அகலக்கோண லென்ஸ் கிட்டே இருக்கிற பாகத்தைப் பெரிதாக்கி மீதியைச் சுருக்கிவிடும். நேர் எதிரே பார்க்கும் படத்தில் இடுப்பே தெரியாது. மழையில் நனைந்த மானின் ரோமம் உடலோடு ஒட்டிக்கொள்வதால், நல்ல சதையுள்ள மானும் எலும்பாகத் தெரியும். உடலைத் திருப்பி முதுகை நக்குகிற மானுக்கும், கழுத்தை நீட்டிக் குனிந்து நீர் குடிக்கிற மானுக்கும் விலாத் தோல் இழுபட்டு எலும்பு துருத்தும். அதே மான் தலை நிமிர்ந்ததும் கோடுகள் மறைந்துபோகும். ஆகவே தொடர் படங்களில் நான்கு கால்களும் ஊன்றி, முதுகு சமமாக இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரவுப் படங்களுக்குத் தனி எச்சரிக்கை. அகச்சிவப்பு ஒளி கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே நேராகப் போய் அடிப்பதால் நிழல் விழாது. நிழல் இல்லாமல் மேடு பள்ளம் தெரியாது. கிட்டே வந்த மான் வெள்ளைக் காகிதமாக வெளுத்துவிடும், தள்ளி நிற்பது சாம்பல் திட்டாகிவிடும். இரவுப் படத்தில் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று தோன்றினால் அதற்கு மதிப்பு குறைவு. இரவிலும்கூட மெலிவு அப்பட்டமாகத் தெரிந்தால் மட்டும் குறித்துவைத்து, அதே மானின் பகல் படத்துக்குக் காத்திருங்கள். காலையும் மாலையும் சாய்வாக விழும் ஒளியில் உடலின் வடிவம் மிகத் தெளிவாகத் தெரியும்.

4. விலாவைப் பார்க்காதீர்கள், இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது விலாவுக்குத்தான். ஆனால் அதுதான் மிக எளிதில் ஏமாற்றும் இடம். கோடைக்கால ரோமம் மெல்லியது, குட்டையானது. நல்ல நிலையில் உள்ள மானுக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியலாம். குளிர்நாடுகளில் குளிர்கால ரோமம் தடித்தது. குளிரில் அது சிலிர்த்தும் நிற்கும். அதற்குள் ஒரு மெலிந்த மான் ஒளிந்துகொள்ள முடியும்.

கண்ணை இந்த வரிசையில் நகர்த்துங்கள்.

முதலில் பின்புறம். இடுப்பெலும்பின் முனையிலிருந்து வாலின் அடிவரை ஒரு கோடு மனத்தில் இழுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே சதை உருண்டு புடைத்திருக்கிறதா, கோட்டோடு தட்டையாக இருக்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பின்பக்கப் படம் இருந்தால், வாலடியின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து முதுகு. முதுகெலும்பு ஒரு மேடாகத் தனித்துத் தெரிகிறதா, அல்லது இரு பக்கச் சதையும் வந்து அதை மூடியிருக்கிறதா? பிறகு தொடை. பின்னங்கால் தொடை பக்கவாட்டில் நிரம்பியிருக்க வேண்டும். தொடைச் சதை வற்றி, கால்களுக்கு நடுவே வழக்கத்தைவிட அதிக வெளிச்சம் தெரிந்தால் அது பொருட்படுத்த வேண்டிய அடையாளம். தோள்பட்டை எலும்பின் நடுவரம்பு துருத்துகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக விலாவுக்கு வாருங்கள்.

இந்த வரிசைக்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. உணவு குறையும்போது மான் தன் கொழுப்பை ஓர் ஒழுங்கில் செலவழிக்கிறது. முதலில் கரைவது முதுகிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. அதன்பின் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றியுள்ள கொழுப்பு. கடைசியில்தான் எலும்பு மஜ்ஜையில் உள்ளது. கேமராவால் பார்க்க முடிவது முதல் சேமிப்பை மட்டும்தான். பின்புறம் தட்டையாகிவிட்டது என்றால் முதல் சேமிப்பு தீர்ந்தது என்றுதான் பொருள். மான் சாகப்போகிறது என்று பொருளல்ல. உள்ளே இன்னும் இருப்பு இருக்கலாம். ஆனால் தொடையிலும் முதுகிலும் சதையே வற்றத் தொடங்கியிருந்தால் நிலைமை வேறு. அங்கே உடல் தன் தசையையே எரிக்கத் தொடங்கிவிட்டது. 'கொழுப்பு இல்லை' என்பதையும் 'சதை இல்லை' என்பதையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிறு மிகவும் ஏமாற்றும். மான் அசைபோடும் விலங்கு. அதன் பெரிய முதல் இரைப்பை இடப்பக்கம் இருக்கிறது. விலா முடிந்து இடுப்பு தொடங்கும் முன் இடப்பக்கத்தில் தெரியும் பள்ளம், அது சமீபத்தில் எவ்வளவு மேய்ந்தது என்பதைத்தான் காட்டும். காலையில் குழிந்திருந்தது மாலையில் நிரம்பியிருக்கும். அதே போல, பெருத்த வயிறு நல்ல உடல்நிலையின் அடையாளமும் அல்ல. சினை மானுக்கு வயிறு பெருக்கும். சத்தற்ற காய்ந்த புல்லை நிறையத் தின்றாலும் பெருக்கும். குடற்புழு அதிகமானாலும் பெருக்கும். வயிறு பெருத்து, இடுப்பு குழிந்த மானைக் கொழுத்த மான் என்று எழுதிவிடாதீர்கள்.

5. மூன்று தரமும் ஒரு 'தெரியவில்லை'யும்

கால்நடைகளுக்கு ஐந்து தர அளவுகோல் உண்டு. அங்கே கையால் தொட்டுப் பார்க்க முடியும். படத்தை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மூன்று போதும் என்பது என் உறுதியான கருத்து.

நல்லது: பின்புறம் உருண்டிருக்கும், முதுகெலும்பு மூடியிருக்கும், தொடை நிரம்பியிருக்கும்.
நடுத்தரம்: பின்புறம் தட்டை, இடுப்பு முனை தெரியும், முதுகெலும்பு லேசாகத் தெரியும், தொடைச் சதை அப்படியே இருக்கும்.
மெலிவு: பின்புறம் குழிந்திருக்கும், இடுப்பும் முதுகெலும்பும் கூர்மையாகத் துருத்தும், தொடையும் தோளும் வற்றியிருக்கும்.

நான்காவதாக 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம். அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

தரம் போடும்போது தேதியைப் பார்க்காதீர்கள். படங்களைக் கலைத்துப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் இன்னொருவரிடம் அதே படங்களைக் கொடுத்துத் தனியாகத் தரம் போடச் சொல்லுங்கள். இருவரும் வேறுபடும் படங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். இடுப்பு முனை எது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பது அப்போதுதான் வெளியே வரும்.

6. இப்போது தேதியைப் பாருங்கள்

தரம் போட்டாயிற்று. இனிதான் பொருள் சொல்லும் வேலை.

ஆண் மானுக்கு இணைசேரும் பருவத்தில் மேய்ச்சல் வெகுவாகக் குறையும். துரத்துவதும் சண்டையிடுவதுமாகவே பொழுது போகும். செம்மானும் வெண்வால் மானும் அந்தச் சில வாரங்களில் உடல் எடையில் கால் பங்கு வரைகூட இழக்கலாம். பருவம் முடிந்தபின் மெலிந்து தெரியும் ஆண் மான் இயல்பான மான். பருவத்தின்போது கழுத்து வீங்கித் தடித்திருப்பதால் மெலிவு மறைந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். கழுத்தை விட்டுவிட்டு இடுப்பையே பாருங்கள்.

குளிர்நாட்டு மான்களில் பெரும்பாலானவற்றுக்கு இலையுதிர்காலத்தில் இந்தப் பருவம் வருகிறது. புள்ளிமான் கதை வேறு. ஒரே கூட்டத்தில் ஒன்று முற்றிய கொம்போடும், இன்னொன்று வெல்வெட் தோல் மூடிய இளங்கொம்போடும், மூன்றாவது கொம்பு உதிர்த்தும் நிற்கும். அங்கே காலண்டர் உதவாது. ஒவ்வொரு ஆண் மானின் கொம்பு நிலையையும் தனியாகக் குறித்து, அதை வைத்துத்தான் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பெட்டை மானுக்கு மிகக் கடினமான காலம் பால் கொடுக்கும் காலம். சுற்றிலும் பசுமை செழித்திருக்கும்போதே தாய் மான் மெலிந்திருப்பதைப் பார்த்துப் பலர் நோய் என்று எண்ணிவிடுகிறார்கள். மடி தெரிகிறதா, குட்டி கூட வருகிறதா என்று முன்பின் படங்களில் தேடுங்கள். குட்டி பால் மறந்தபின் அது தேறுகிறதா என்பதுதான் கேள்வி. குட்டி இல்லாத பெட்டை, அதே பருவத்தில், அதே இடத்தில், பால் கொடுப்பதைவிட மெலிந்திருந்தால் அது கவனத்துக்குரியது.

குட்டிகளுக்கும் ஓராண்டு வயதுள்ளவற்றுக்கும் இந்த மூன்று தரங்களைப் போடாதீர்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, சிறிய தொடை என்பது அந்த வயதின் இயல்பு. மிக வயதானவற்றுக்கு முதுகு தொய்ந்து வயிறு தொங்கும். பல் தேய்ந்திருப்பதால் நல்ல மேய்ச்சலிலும் முழுதாகத் தேறாது.

கடைசியாக நிலத்தின் பருவம். பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தின் கடைசியும் வசந்தத்தின் தொடக்கமும்தான் மானுக்கு மிகத் தாழ்ந்த நிலை. வெண்வால் மான் போன்றவை குளிர்காலத்தில் தாமாகவே உணவைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் உணவு இருந்தாலும் எடை இறங்கும். மழையை நம்பிய வெப்பக் காடுகளில் வறட்சியின் கடைசி வாரங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட விரும்பினால் ஒரே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்கு முன் எடுத்த படத்தையும் மழைக்குப் பின் எடுத்ததையும் ஒப்பிட்டு, மான்கள் தேறிவருகின்றன என்று எழுதுவதில் எந்தச் செய்தியும் இல்லை.

7. பயமுறுத்துபவை, ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை

ரோமம் மாறும் காலத்தில் மான் திட்டுத் திட்டாக, அழுக்குக் கம்பளம் போலத் தெரியும். சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் தோல் தடித்து, பொருக்குத் தட்டி, சொறிந்துகொண்டே இருந்தால் அது ரோம மாற்றம் அல்ல.

கடமானின் கழுத்தின் அடிப்பக்கம் ரோமம் உதிர்ந்து, சிவந்து, ரத்தம் கசிவது போல ஒரு திட்டு இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் இரு பாலுக்கும் வரக்கூடியது அது, காயமில்லை. முதன்முறை பார்ப்பவர் பதறிப்போவது இயல்பு. வெண்வால் மானின் பின்னங்கால் முட்டியில் தெரியும் கருத்த கறை சுரப்பியிலிருந்து வருவது. அதன் உடலில் கறுப்பு உருண்டைகளாகத் தொங்கும் மருக்கள் பார்க்கக் கொடூரமாக இருந்தாலும், கண்ணையோ வாயையோ மறைக்காதவரை பெரும்பாலும் தொந்தரவில்லை. கொம்பின் வெல்வெட் தோல் உரியும்போது ரத்தம் வழிவதும் இயல்பு.

8. கவலைப்பட வேண்டியவை

மெலிவு மட்டும் இருந்தால் பொறுத்துப் பாருங்கள். மெலிவோடு கீழே உள்ளவற்றில் ஏதேனும் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்: தலை தாழ்ந்து காது தொங்குவது, வாயில் எச்சில் ஒழுகுவது, கால் அகட்டித் தள்ளாடுவது, பின்புறம் கழிச்சல் கறை படிந்திருப்பது, தாடைக்கடியில் நீர் கோர்த்தது போன்ற வீக்கம், மனிதர்களைக் கண்டும் விலகாமல் நிற்பது. தாடை வீக்கம் பெரும்பாலும் புழுக்களால் ரத்தத்தில் புரதம் குறைந்ததைக் காட்டும்.

மற்ற மான்களெல்லாம் தேறும் பருவத்தில் ஒன்று மட்டும் தேறாமல் இருப்பதும், வாரத்துக்கு வாரம் ஒரே மான் இறங்கிக்கொண்டே வருவதும் இதே வரிசையில் சேரும்.

நாட்பட்ட மெலிவு நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா, கனடா, நார்வே, சுவீடன், பின்லாந்து, தென் கொரியா ஆகிய நாடுகளில் மான் இனங்களில் கண்டறியப்பட்ட நோய் இது. தொற்றியபின் ஓராண்டுக்கும் மேலாக மான் சாதாரணமாகவே தெரியும். அதனால் நோயுள்ள மான்களில் பல உங்கள் படத்தில் 'நல்லது' தரத்தில் இருக்கும். மெலிந்த மான்களில் பலவற்றுக்கு இந்த நோய் இருக்காது. மூளையிலிருந்தும் நிணநீர்க் கணுக்களிலிருந்தும் எடுத்த மாதிரியைச் சோதித்துத்தான் உறுதிசெய்வார்கள். படத்தைப் பார்த்து இந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. மறுபக்கம், சிறு கொசு போன்ற பூச்சிகளால் பரவும் ரத்தக்கசிவு நோய் கோடையின் கடைசியில் வரும். அது கொழுத்த மானையே சில நாட்களில் வீழ்த்திவிடும். ஆகவே நல்ல உடல்நிலை நோயில்லை என்பதற்குச் சான்றல்ல.

9. மான்களை எண்ணுங்கள், படங்களை அல்ல

ஒரு மெலிந்த மான் கேமராவுக்கு எதிரிலேயே மேய்ந்துகொண்டிருந்தால் ஒரு மாலையில் நூறு படம் விழும். 'மெலிவு' எண்ணிக்கை மலைபோல் ஏறும். கேமரா ஆய்வுகளில் 30 நிமிட இடைவெளிக்குள் வந்த படங்களை ஒரே வருகையாகக் கொள்வது வழக்கம். அதோடு நிறுத்தாமல் காதுக் கிழிசல், தழும்பு, கொம்பின் வடிவம், புள்ளிமானாக இருந்தால் புள்ளிகளின் அமைப்பு ஆகியவற்றை வைத்துத் தனி மானை அடையாளம் காண முயலுங்கள். அடையாளம் கண்ட ஒரு மானின் ஓராண்டுத் தொடர், பெயரில்லாத ஆயிரம் படங்களைவிட அதிகம் சொல்லும்.

எக்செல்லில் பத்தி பத்தியாக இப்படி வைக்கலாம்: படக் கோப்பின் பெயர், கேமரா எண், பகலா இரவா, பால், வயதுப் பிரிவு, பின்புறம், தொடை, தரம். அதன்பின் ஒரு கோடு இழுத்து, தேதி, கொம்பு நிலை அல்லது மடி, என் விளக்கம். கோட்டுக்கு இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. நாளைக்கு விளக்கம் மாறலாம். இடப்பக்கம் மாறாது.

10. தீவனம் வைக்காமல், தகவல் கொடுங்கள்

இரக்கப்பட்டுத் தானியம் கொட்டுவதுதான் நான் பார்த்ததில் மிகவும் வருந்தத்தக்க தவறு. மானின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பருவத்து இலை தழைக்குப் பழகியவை. புதிய தீவனத்துக்குப் பழக அவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். திடீரென்று மாவுச்சத்து நிறைந்த தானியம் உள்ளே போனால் இரைப்பையில் அமிலம் பெருகி, நிரம்பிய வயிற்றோடே மான் இறந்துபோகும். தீவனம் வைத்த இடத்தில் கூட்டம் சேர்ந்து, ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்குப் போய், இருக்கிற நோயும் பரவும்.

கவலைக்குரிய மானைப் பார்த்தால் வனத்துறைக்கோ அந்தப் பகுதியின் வனவிலங்கு மருத்துவருக்கோ எழுதுங்கள். கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன தெரிகிறது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை முறை, நடையில் மாற்றம் உண்டா, கூட உள்ள மான்கள் எப்படி இருக்கின்றன. நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். வெட்டாத, வெளிச்சம் கூட்டாத மூலப் படங்களைத் தேதி வரிசையில் இணையுங்கள். அவற்றோடு அதே இடத்தில் அதே வாரத்தில் பதிவான நலமான மான் ஒன்றின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்ப்பவருக்கு ஒப்பிட உதவும். இடத்தின் துல்லியக் குறிப்பை அதிகாரிகளுக்கு மட்டும் கொடுங்கள். பொதுவில் படம் பகிர்ந்தால் கோப்பில் ஒட்டியிருக்கும் இடத் தகவலை நீக்கிவிடுங்கள், வேட்டையாடுபவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

இறந்த மான் கிடந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். தூரத்திலிருந்து படமெடுத்து அன்றைக்கே தெரிவியுங்கள். சோதனைக்கான மாதிரி எடுக்க வெப்பநாடுகளில் கிடைப்பது சில மணி நேரம்தான்.